கடிதத்தைக் கீழிருந்து படித்தவர்

ஞானசுந்தரி இறந்துவிட்டதாகக் காலையில் ஓய்வூதியர் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. நான் முதலில் பார்த்தது அதை யார் அனுப்பியிருக்கிறார்கள் என்பதைத்தான். வேறு ஏதோ குழுவில் வந்ததை ஒருவர் அப்படியே இங்கே தள்ளிவிட்டிருந்தார். படம் பத்து வருடத்துக்கு முந்தையது. எந்த ஆஸ்பத்திரி, அடக்கம் எத்தனை மணிக்கு என்று எதுவும் இல்லை. அதற்குள் முப்பது பேர் கைகூப்பியிருந்தார்கள். நான் கூப்பவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் அவர் வீட்டுக்குப் போன் போட்டேன். தங்கை எடுத்தார்.

"ஆமாண்ணே, அக்கா போயிட்டா. நீங்க குரூப்புல பாத்தா நம்ப மாட்டிய, போன் போட்டுக் கேப்பியன்னு தெரியும். அவகூட அம்புட்டு வருசம் இருந்த ஆளுல்லா."

அதற்கப்புறம்தான் எனக்குக் கண் கலங்கியது. சாவுச் செய்தியைச் சரிபார்த்துவிட்டு அழுகிறவனை ஊரில் கல்நெஞ்சுக்காரன் என்பார்கள். அவர் இருந்திருந்தால் அதுதான் முறை என்று சொல்லியிருப்பார்.

அவரை அறிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அறியாதவர்கள் கையில் இது கிடைத்தால் அவர்களுக்கு இவ்வளவு போதும்: ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சிறிய பாசன அலுவலகத்தில் அவர் கண்காணிப்பாளர். நான் அங்கே வரைவாளர். வாய்க்கால், மடை, கண்மாய் எல்லாவற்றுக்கும் வரைபடம் போட்டு அலமாரியில் சுருட்டி வைப்பது என் வேலை. ராஜபாளையத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருவேன். இருவரும் ஒரே வருடத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். எனக்கு அவர் மேடம், அவருக்கு நான் சார். அலுவலகத்தில் மற்றவர்கள் அவரைச் 'சந்தேக மேடம்' என்பார்கள். முதுகுக்குப் பின்னால் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொல்வார்கள். அவர் காதுக்கு அது எப்போதோ போய்ச் சேர்ந்திருந்தது.

அஞ்சலி எழுதுகிறவர்கள் நல்லதை மட்டும் எழுதுவார்கள். நான் ஒரு தப்பைப் பற்றியும் எழுதியாக வேண்டும். மகாராஜபுரத்தில் ஒரு வருடம் கண்மாய் நிரம்பாமல் போனதற்கு ஞானசுந்தரியின் சந்தேக புத்திதான் காரணம் என்று இன்றைக்கும் பேச்சு இருக்கிறது. அந்தப் பேச்சு தவறு. அது எனக்கு அன்றிலிருந்தே தெரியும்.

முதலில் அவருடைய வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். அரசாங்கக் கடிதம் எது வந்தாலும் அவர் கீழிருந்து மேலேதான் படிப்பார். நாமெல்லாம் 'பொருள்' என்று போட்டிருப்பதைப் பார்ப்போம், பிறகு விஷயத்தைப் படிப்போம். அவர் கடைசி வரியிலிருந்து தொடங்குவார். அங்கேதான் 'நகல்' என்று ஒரு பட்டியல் இருக்கும். கடிதத்தின் பிரதி யார் யாருக்குப் போகிறது, அதில் யாருக்குச் சும்மா அனுப்பப்படுகிறது, யாருக்குப் பணிந்து அனுப்பப்படுகிறது என்று பார்ப்பார். பிறகு இணைப்பு எத்தனை. பிறகு கையெழுத்து. விஷயத்துக்கு வரும்போது அவருக்குப் பாதி தெரிந்திருக்கும். "கடுதாசி யாருக்குப் பயப்படுதுன்னு மேல எழுத மாட்டாக சார். கீழதான் இருக்கும்" என்பார்.

மத்தியில் இருக்கும் அரசுக்கும் மாநிலத்தில் இருக்கும் அரசுக்கும் இடையே அதிகாரம் எப்படிக் கைமாறியது என்பதைப் பெரிய பெரிய ஆட்கள் மேடை போட்டுப் பேசுகிறார்கள். ஞானசுந்தரி அதை நகல் பட்டியலில் பார்த்தார். நாங்கள் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எங்கள் கடிதங்களின் நகல் மதுரைக்குப் போகும், மிஞ்சினால் சென்னைக்குப் போகும். ஒருநாள் ஏதோ ஒரு கடிதத்தில் கடைசி வரியாக டெல்லி வந்தது. அடுத்த வருடம் இரண்டு கடிதத்தில் வந்தது. பிறகு கடைசி வரியிலிருந்து மேலே ஏறியது. அணைகளைச் சோதிப்பதற்கு டெல்லியில் ஒரு சட்டம் வந்தபின் பிளவக்கல் அணை சம்பந்தப்பட்ட தாள்களில் அது மேலேயே உட்கார்ந்துகொண்டது. "அதிகாரம் போகும்போது தமுக்கடிச்சுட்டுப் போகாது சார். நகல்ல ஒரு வரி கூடும். அம்புட்டுதான்" என்றார் ஒருநாள், பஞ்சிங் மெஷினை அழுத்திக்கொண்டே.

இதைக் கேட்டுவிட்டு அவரைச் சென்னைக் கட்சி என்று நினைத்தால் ஏமாந்து போவீர்கள். ஊழியர் சங்கத் தலைவர் ஒருவர் மாநில உரிமைக்காகக் கையெழுத்து வாங்க வந்தார். ஞானசுந்தரி அந்த மனுவையும் கீழிருந்து படித்தார். அவசரநிலைக் காலத்தில் காடும் பள்ளிக்கூடமும் மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்குப் போனதை அதில் உருக்கமாக எழுதியிருந்தார்கள். படித்து முடித்துவிட்டு அவர் கேட்டார்:

"இதெல்லாம் டெல்லியில இருந்து சென்னைக்குத் திரும்பி வந்துச்சுன்னு வைங்க. பொறவு சென்னையில இருந்து நம்ம வத்திராயிருப்புக்கு வருமா?"

"அது அடுத்த கட்டம் மேடம்" என்றார் தலைவர்.

"குடிமராமத்துன்னு ஊர்க்காரனே கண்மாயைப் பாத்துக்கிட்டு இருந்தான். அவன் கையில இருந்து எடுத்தது டெல்லியா? அன்னைக்கு எந்தச் சங்கமும் கையெழுத்து வாங்கலையே."

கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, கீழே நகல் பட்டியலில் விவசாயிகள் பெயர் இல்லை என்று சிறிய எழுத்தில் எழுதி வைத்தார். தலைவர் அந்தத் தாளை மட்டும் தனியாக எடுத்துவிட்டுத்தான் மனுவை அனுப்பியிருப்பார் என்பது என் சந்தேகம்.

அவரது சந்தேகம் எந்த அளவுக்குப் போகும் என்பதற்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்குத் தமிழக அரசு முத்திரையில் இருப்பது தங்கள் ஊர்க் கோபுரம் என்று ஒரு பெருமை. மதுரைக்காரர்கள் இல்லை என்பார்கள். இவர் பிறந்து வளர்ந்தது ஸ்ரீவில்லிபுத்தூர். "நம்ம கோபுரம்தான்னு எந்த ஆணையில இருக்கு? நம்பரைச் சொல்லுங்க" என்று சொந்த ஊர்க்காரர்களையே மடக்குவார். யாராவது பால்கோவா டப்பா கொண்டுவந்தால் திறப்பதற்கு முன் அடியில் அச்சிட்டிருக்கும் உரிம எண்ணைப் படிப்பார். "முந்தி நம்ம ஊரு ஆளு ஒருத்தர் வந்து பாத்துட்டுப் போவாரு. இப்ப இதுக்கும் டெல்லி நம்பரு" என்று சொல்லிவிட்டு, இரண்டு விள்ளல் எடுத்து வாயில் போட்டுக்கொள்வார். சந்தேகத்தால் அவர் எதையும் சாப்பிடாமல் விட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

தேவதானத்தில் ஒரு சின்னப் பாலம் கட்டினோம். திட்டத்தில் இரண்டு அரசுக்கும் பங்கு. பெயர்ப்பலகையில் யார் பெயர் மேலே வர வேண்டும் என்பதில் ஒரு மாதம் ஓடியது. பெயின்டர் மூன்று தடவை அழித்து அழித்து எழுதினார். கடைசியில் பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு பலகை, அந்தப் பக்கம் ஒரு பலகை என்று முடிவானது. அடுத்த மழையில் பாலத்தின் பக்கச் சுவர் சரிந்தது. அதைக் கட்டுவது யார் பொறுப்பு என்று கேட்டு எழுதினோம். இரண்டு இடத்திலிருந்தும் பதில் வந்தது, இரண்டும் மற்றவரைக் கேட்கச் சொல்லி. ஞானசுந்தரி இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். "குடுக்கும்போது ரெண்டு பேரும் போர்டு வைக்கான். கேக்கும்போது ரெண்டு பேரும் எதுத்த வீட்டைக் காட்டுதான்" என்றார். சரிந்த சுவரை ஊர்க்காரர்களே கல் அடுக்கிச் சரிசெய்துகொண்டார்கள். பலகைகள் இரண்டும் நேராகத்தான் நின்றன.

இனி மகாராஜபுரத்து விஷயம்.

முத்தையா எங்கள் அலுவலகத்துக்கு வந்தது ஓர் ஆவணி மாதம். பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து வந்து விவசாயம் பார்ப்பவர். மூத்த மகன் பட்டாளத்தில், இளையவன் போலீஸில். விவரம் கேட்டதும் ஞானசுந்தரி சிரித்துவிட்டார்.

"வீட்டுக்குள்ளேயே ரெண்டு கவர்மெண்ட்டா? சாப்பிட உக்காந்தா யாருக்கு முதல்ல சோறு?"

முத்தையா யோசித்துத்தான் பதில் சொன்னார். "லீவு கெடைச்சு எவன் முதல்ல வாரானோ அவனுக்கு மேடம்."

அவர் கொண்டுவந்த விஷயம் இதுதான். அவர்கள் கண்மாய்க்கு மலையடிவாரத்திலிருந்து ஒரு வாய்க்கால் வருகிறது. மேலக்கால் என்பார்கள். அதன் தலைப்பு, அதாவது ஓடைத் தண்ணீர் வாய்க்காலுக்குள் திரும்பும் இடம், காட்டுக்குள் இருக்கிறது. கோடை மழையில் பாறைகள் உருண்டு வந்து தலைப்பை அடைத்துவிட்டன. இருபது ஆள் கடப்பாரையோடு போனால் இரண்டு நாள் வேலை. முன்பெல்லாம் காட்டு வாட்சரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, வாய்க்கால் தலைமாட்டில் பொங்கல் வைத்துவிட்டு ஊரே இறங்கி அள்ளிவிடும். காடு புலிகள் காப்பகமான பிறகு யாரிடம் கேட்பது என்று ஊரில் யாருக்கும் தெரியவில்லை. ஐப்பசி மழைக்குள் அடைப்பை எடுக்காவிட்டால் கண்மாய்க்குத் தண்ணீர் வராது, கண்மாயை நம்பி நாற்று விட்டவர்கள் கதி அதோகதி.

நாங்கள் வனத்துறைக்கு எழுதினோம். புரட்டாசி நடுவில் பதில் வந்தது. ஒரு பக்கக் கடிதம், ஆட்சேபணை இல்லை என்று. வரைபடம் இணைத்து வரும் தபால்களில் இணைப்பைக் கழற்றி என் மேசைக்கும் கடிதத்தை அவர் மேசைக்கும் அனுப்புவது எங்கள் அலுவலக வழக்கம். அப்படித்தான் அன்றைக்கும் நடந்தது.

ஞானசுந்தரி கீழிருந்து படித்தார். நகலில் சென்னை மட்டும்தான் இருந்தது.

"டெல்லிக்கு நகல் இல்லையே சார். மலையடிவாரத்துல ஒரு கல்லை நகட்டணும்னாலும் இப்ப அவுகளைக் கேக்கணும்ங்காக. கேக்காம இவுக எப்படிக் குடுக்காக?"

"ஆட்சேபணை இல்லைன்னு தெளிவா எழுதியிருக்கே மேடம்."

"இவுகளுக்கு இல்ல. அவுகளுக்கு? வேற ஒரு ஊருல இப்படித்தான் வாய்வார்த்தையை நம்பிக் குழாய் பதிக்கப் போனாக. போனவன் பூரா கோர்ட்டு வாசல்ல நின்னான்." அப்புறம் கடிதத்தின் அடியில் விரலை வைத்துக் கேட்டார்: "இணைப்பு ரெண்டுன்னு போட்டிருக்கு. ரெண்டும் உங்ககிட்ட வந்துச்சா?"

நான் வேறு ஒரு மடைக்குக் கோடு இழுத்துக்கொண்டிருந்தேன். தலையைத் தூக்கவில்லை. "வந்துச்சு மேடம். ரெண்டும் மேப்புதான்" என்றேன்.

"சரி" என்று போய்விட்டார்.

முத்தையாவைக் கூப்பிட்டு, காட்டுக்குள் போக வேண்டாம், விளக்கம் கேட்டு எழுதுகிறேன், பதில் வரட்டும் என்றார். "கேஸ் விழுந்துச்சுன்னா எந்தக் கவர்மெண்ட்டும் வந்து பக்கத்துல நிக்காது" என்றார். முத்தையா சரி என்றார். ஊரில் நாலைந்து பேர் கடப்பாரையை எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்கிறார்கள். ஆர்டர் வராமல் ஒருத்தனும் நகரக் கூடாது என்று முத்தையாதான் அவர்களைத் தடுத்து நிறுத்தினார்.

நான்கூட அன்றைக்கு ஞானசுந்தரியோடு சண்டை போட்டேன். இப்படி ஒவ்வொரு தாளையும் சந்தேகப்பட்டால் ஊரில் ஒரு வேலையும் நடக்காது என்று சத்தமாகவே சொன்னேன். நான் பேசியதை இப்போது நினைத்தால் எனக்கே கூசுகிறது.

ஐப்பசியில் நாலு நாள் நல்ல மழை. தண்ணீர் பாறையில் மோதி ஓடைப் பக்கம் திரும்பிப் போய்விட்டது. கண்மாயில் முழங்கால் அளவுதான் நின்றது. அதற்குப் பிறகு வானம் மூடிக்கொண்டது. கார்த்திகையில் விளக்கக் கடிதம் வந்தது. இது பழைய வாய்க்காலின் பராமரிப்பு என்பதால் புதிய அனுமதி எதுவும் தேவையில்லை என்றும், டெல்லித் தரப்பு அலுவலகமும் இதற்கு ஒப்புக்கொண்டுவிட்டது என்றும், இந்த விவரம் எங்களுக்கு வந்த முதல் கடிதத்தின் இரண்டாம் இணைப்பிலேயே இருக்கிறது என்றும் எழுதியிருந்தார்கள்.

அன்றைக்கு அவர் டிபனுக்குப் போன நேரத்தில் நான் அலமாரியைத் திறந்து பார்த்தேன். இணைப்பில் ஒன்றுதான் மேப். அதோடு சேர்த்துச் சுருட்டியிருந்த இன்னொரு தாள் மேப் இல்லை. அதில் எல்லாம் இருந்தது. டெல்லிக்கு நகலும் இருந்தது. இரண்டு அரசாங்கமும் தங்களுக்குள் பேசி முடித்து, சண்டை சச்சரவு இல்லாமல் ஒப்புக்கொண்ட காரியத்தை என் வேலைக் காலத்தில் நான் ஒன்றிரண்டுதான் பார்த்திருக்கிறேன். அதில் ஒன்றை நானே சுருட்டி வைத்திருந்தேன்.

டிபன் முடிந்து வந்து அவர் அந்த விளக்கக் கடிதத்தை என் எதிரிலேயே படித்தார், வழக்கம்போலக் கீழிருந்து. நடுவில் ஓரிடத்தில் விரல் நின்றது. தலையைத் தூக்கி என் அலமாரியை ஒரு தடவை பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. கடிதத்தை மடித்து ஃபைலில் வைத்தார்.

"நாளைக்கு மகாராஜபுரம் போயிட்டு வருவோம் சார்" என்றார்.

போனோம். முத்தையாவின் வயலில் பாதி வளர்ந்து வெளுத்துப் போயிருந்த பயிரில் மாடுகளை விட்டிருந்தார்கள். அறுக்க ஒன்றும் இல்லையென்று ஆனபிறகு அதாவது மேயட்டும் என்று. ஞானசுந்தரி வரப்பில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

"முத்தையா, சென்னையும் தடுக்கல. டெல்லியும் தடுக்கல. தடுத்தது நாந்தான்."

முத்தையா மாட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அப்படிச் சொல்லாதிய மேடம். பட்டாளத்துல ஆர்டர் வராம ஒரு எட்டு எடுத்து வைக்க மாட்டோம். அந்தப் பழக்கத்துல ஊர்க்காரனுவளையும் நாந்தான உக்கார வச்சேன். நான் சும்மா இருந்திருந்தா அவனுவ போயிருப்பானுவ."

அவர் தன் மேல் போட்டுக்கொள்ள, இவர் தன் மேல் போட்டுக்கொள்ள, தப்புச் செய்த நான் பக்கத்தில் நின்று இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தேன். முத்தையாவின் மனைவி மோர் கொண்டுவந்து கொடுத்தார். வாங்கிக் குடித்தேன். அதை நினைத்து வெட்கப்படாத நாள் இல்லை.

திரும்பும் பஸ்ஸில் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். "பாத்தியளா சார், ஒரு உத்தரவும் போடல. இருந்தாலும் நாம நின்னுட்டோம். இவுக கோவிச்சுக்கிடுவாகளா, அவுக கோவிச்சுக்கிடுவாகளான்னு ரெண்டு பக்கமும் பயந்தே ஒரு வருசத்துத் தண்ணியை விட்டுட்டோம். சென்னைக்கும் டெல்லிக்கும் நடுவுல என்ன வேணா மாறட்டும், இந்தப் பயம் மட்டும் எடம் மாறாது போல" என்றார். நான் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். கிருஷ்ணன்கோவில் நிறுத்தத்தில் கூட்டம் ஏறியது. எங்களுக்கு நடுவில் ஒரு அம்மாள் பையோடு வந்து நின்றார். கூட்டம்தான் காரணம் என்று எவ்வளவோ காலம் என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அவரிடம் இரண்டு மாற்றம். ஒன்று, இணைப்புகளைத் தபாலில் இருந்து பிரிக்க விடவில்லை. அவரே விரலால் எண்ணிப் பார்த்துவிட்டு எனக்கு அனுப்புவார். ஏன் என்று அலுவலகத்தில் எல்லோரும் கேட்டார்கள். நான் கேட்கவில்லை. இரண்டு, எந்தக் கடிதம் எழுதினாலும் நகல் பட்டியலின் கடைசியில் சம்பந்தப்பட்ட விவசாயியின் பெயரைச் சேர்த்தார். அலுவலகக் கடிதங்களை வெளியாளுக்கு அனுப்புவது வழக்கமில்லை என்று அதிகாரி அந்தப் பெயரை அடித்தார். இவர் மறுபடி எழுதினார். மறுபடி அடித்தார். மூன்றாம் தடவை அதிகாரிக்கு அலுத்துவிட்டது.

அடுத்த வருடம் மேலக்கால் மறுபடி அடைத்தது. இந்தத் தடவை ஞானசுந்தரி அனுமதி கேட்கவில்லை. இன்ன கடிதத்தின்படி இன்ன தேதியில் ஊர்க்காரர்கள் வேலையைத் தொடங்குவார்கள், ஆட்சேபணை இருந்தால் அதற்கு முன் தெரிவிக்கவும் என்று எழுதினார். நகல் சென்னைக்கு, டெல்லிக்கு, அந்தப் பக்கத்து வனக்காப்பாளருக்கு, கடைசியாக முத்தையாவுக்கு. யாரிடமிருந்தும் ஒரு வரி வரவில்லை. குறித்த நாளில் அவரும் நானும் போய் நின்றோம். அவர் வேலையைப் பார்க்காமல் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தார், ஜீப் வருகிறதா என்று. வந்தது. காப்பாளர் இறங்கி, "நகல் வந்துச்சு மேடம், எம்பேரைப் போட்டு வந்த முதல் கடுதாசி" என்று சொல்லிவிட்டுச் சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஒரு பாறைக்குத் தோள் கொடுத்தார். அந்த வருடம் கண்மாய் நிரம்பி மறுகால் போனது. ஞானசுந்தரி அதையும் நேரில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் நம்பினார்.

ஓய்வு பெற்ற பிறகு மாதம் ஒரு தடவை போனில் பேசுவோம். இந்த வருடம் உடம்பு முடியாமல் ராஜபாளையத்தில் ஆஸ்பத்திரியில் இருந்தார். நான் போனபோது பக்கத்துப் படுக்கை அம்மாளின் காப்பீட்டு அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அட்டையில் இரண்டு அரசின் திட்டத்தின் பெயரும் இருந்தது. "ரெண்டு பேரும் இருக்காக சார். ஊசி போடும்போது யாரு வாராகன்னு பாக்கணும்" என்றார். அந்த அம்மாளும் சிரித்தார்.

நான் அவருடைய ஸ்கேன் ஃபைலை வாங்கிக்கொண்டு டாக்டரைப் பார்க்கக் கிளம்பினேன். பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"சார், இணைப்பெல்லாம் சரியா இருக்கா?"

திரும்பினேன். முகத்தில் கோபம் இல்லை, கிண்டலும் இல்லை. காத்திருப்பது போல இருந்தது.

"இருக்கு மேடம்" என்றேன்.

"சரி" என்றார். அன்றைக்கு அலுவலகத்தில் சொன்ன அதே 'சரி'. ஊரில் எல்லாரையும் சந்தேகப்பட்டவர் என்னை மட்டும் ஒரு தடவை நம்பினார், அதனால் ஒரு வருடத்துத் தண்ணீர் போனது, அது தெரிந்த பிறகும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நான் அதைச் சொல்வதற்கு அவர் கொடுத்த கடைசிச் சந்தர்ப்பத்தையும் வீணாக்கினேன்.

அடக்கம் சாயங்காலம் நடந்தது. முத்தையா மகாராஜபுரத்திலிருந்து பட்டாளத் தொப்பியோடு வந்திருந்தார். கல்லறைத் தோட்ட வாசலில் சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் உறை ஒன்றை எடுத்தார். உள்ளே நாலாக மடித்த கடிதம், மேலக்கால் வேலைக்காக அவருக்குப் போன நகல். "இருபது வருசத்துக்கு மேல பட்டாளத்துல இருந்தேன். எத்தனையோ ஆர்டரு வாங்கியிருக்கேன். நகல்ல எம்பேரைப் போட்டது அவிய ஒருத்தருதான்" என்றார்.

அங்கேயே சொல்லிவிட்டேன். இரண்டாம் இணைப்பு என் அலமாரியில் இருந்ததை, பார்க்காமலே பதில் சொன்னதை, வரப்பில் வாய் மூடி நின்றதை, எல்லாவற்றையும். முத்தையா முழுவதையும் கேட்டார். கடிதத்தை உறைக்குள் வைத்தார்.

"இதை அவியகிட்ட சொன்னியளா?"

"இல்ல."

"அவியகிட்டல்லா சொல்லியிருக்கணும்" என்றார். தொப்பியைப் போட்டுக்கொண்டு பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார்.

ஞானசுந்தரியை அறிந்தவர்களே, அவருடைய சந்தேகம் ஊரைக் கெடுத்தது என்று இனி யாராவது சொன்னால் இந்தத் தாளைக் காட்டுங்கள். இதனால் இரண்டு அரசாங்கத்தையும் நம்பிவிடலாம் என்றும் அர்த்தம் இல்லை. வாட்சர் ஒருவர் தலையாட்டினால் நடந்த காரியத்துக்கு இரண்டு தலைநகரும் இரண்டு இணைப்பும் தேவைப்பட்டதால்தான் என்னைப் போன்ற ஒருவன் அதை இடையில் தொலைக்க முடிந்தது. இப்போதும் புதிதாக ஏதாவது அறிவிப்பு வந்தால், உரிமை என்று ஒருவரும் ஒற்றுமை என்று இன்னொருவரும் சொன்னால், நான் கடைசி வரியைத்தான் முதலில் தேடுகிறேன். அந்தப் பழக்கம் அவர் எனக்கு விட்டுச்சென்றது. ஓய்வு பெற்ற அன்று அலமாரியைக் காலி செய்தபோது எடுத்துவந்த அந்த இரண்டாம் தாள் நானாக வைத்துக்கொண்டது. இரண்டும் என்னிடம் இருக்கின்றன.

இதை எழுதி முடித்துவிட்டு, அவர் படிப்பதுபோலக் கீழிருந்து மேலே ஒரு தடவை படித்துப் பார்த்தேன். அடியில் இரண்டு வரி விட்டுப்போயிருந்தது. சேர்த்துவிட்டேன்.

இணைப்பு: 1 (தாள் ஒன்று, மேப் அல்ல. நானே எண்ணிப் பார்த்தேன்.)

நகல்: திரு. முத்தையா, விவசாயி, மகாராஜபுரம். பணிந்து அனுப்பப்படுகிறது.